மாணவர் ரோபோ நிரலாக்கப் போட்டிகள்: விதிகளும் நன்னெறியும்

மாணவர் ரோபோ நிரலாக்கப் போட்டி என்பது பள்ளி அல்லது கல்லூரி மாணவர்கள் சிறு குழுவாகச் சேர்ந்து, தாங்களே கட்டிய ரோபோவைத் தாங்களே எழுதிய நிரலால் இயக்கி, கொடுக்கப்பட்ட பணிகளைக் குறித்த நேரத்துக்குள் செய்து காட்டும் போட்டியாகும். இந்த வரையறையில் முதன்மையான சொல் ‘தாங்களே’ என்பது. ரோபோவின் அளவு, நிரல் எழுதும் நேரம், பயிற்றுநர் நிற்க வேண்டிய இடம், நடுவரிடம் பேசும் முறை எனப் போட்டியின் விதிகள் பலவாக இருந்தாலும், அவற்றுள் பெரும்பாலானவை அந்த ஒரு சொல்லைக் காப்பதற்காக எழுதப்பட்டவை. மேசை மீது ஓடும் ரோபோ யாருடைய உழைப்பு என்ற கேள்விக்கு நேர்மையான விடை கிடைக்காவிட்டால், அங்கே பெறும் மதிப்பெண்ணுக்குப் பொருள் இல்லை.

இக்கட்டுரை உலக அளவில் நடைபெறும் இத்தகைய போட்டிகளின் பொதுவான விதிகளையும் நடத்தை நெறிகளையும், அவை தமிழ்நாட்டில், குறிப்பாகத் திருப்பூர் பின்னலாடை வட்டாரத்தில், மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் எவ்வாறு பொருந்துகின்றன என்பதையும் விளக்குகிறது.

வரலாறு

மாணவர்களுக்கான ரோபோ போட்டிகளின் வளர்ச்சியில் அமெரிக்காவின் ‘ஃபர்ஸ்ட்’ அமைப்புக்குப் பெரும் பங்கு உண்டு. கண்டுபிடிப்பாளரான டீன் கேமன் இதனை 1989 இல் தொடங்கினார். இதன் முதல் போட்டி 1992 இல் நியூ ஹாம்சயர் மாநிலத்தின் மான்செஸ்டர் நகரில், ஒரு பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்தில் 28 குழுக்களுடன் நடந்தது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் பேராசிரியர் உட்டி ஃபிளவர்ஸ் (1943–2019) இவ்வமைப்பின் நடத்தை நெறியை வகுத்தவர்களுள் முதன்மையானவர்.

1998 இல் லெகோ நிறுவனம் ‘மைண்ட்ஸ்டார்ம்ஸ்’ என்ற ரோபோ கட்டும் பெட்டியை வெளியிட்டது. குழந்தைகள் கணினியைக் கொண்டு தாமே கற்க முடியும் என்று வாதிட்ட கல்வியாளர் சீமோர் பேப்பர்ட் 1980 இல் எழுதிய நூலின் பெயரே இப்பெட்டிக்கு வைக்கப்பட்டது. ஃபர்ஸ்ட் அமைப்பும் லெகோ நிறுவனமும் இணைந்து சிறுவர்களுக்கென ‘ஃபர்ஸ்ட் லெகோ லீக்’ போட்டியை உருவாக்கின. ஜப்பானின் நகோயா நகரில் 1997 இல் தொடங்கிய ‘ரோபோகப்’ போட்டியிலிருந்து பள்ளி மாணவர்களுக்கான ‘ரோபோகப் ஜூனியர்’ கிளைத்தது.

ஆசிய நாடுகளின் முயற்சியில் ‘உலக ரோபோ ஒலிம்பியாட்’ 2004 இல் சிங்கப்பூரில் முதன்முதலாக நடந்தது. இதன் பன்னாட்டு இறுதிச்சுற்று ஆண்டுதோறும் வெவ்வேறு நாட்டில் நடைபெறுகிறது. 2016 இல் அது இந்தியாவில், தில்லி வட்டாரத்தில் நடைபெற்றது. கழிவுகளைக் குறைத்தல், மறுசுழற்சி ஆகியவை அந்த ஆண்டின் கருப்பொருளாக இருந்தன. இந்தியாவில் இப்போட்டியின் தேசியச் சுற்றுகளை ‘இந்தியா ஸ்டெம் ஃபவுண்டேஷன்’ என்ற அமைப்பு நடத்தி வந்துள்ளது.

போட்டி நடைபெறும் முறை

போட்டிக்குப் போட்டி விவரங்கள் மாறினாலும் அடிப்படை அமைப்பு ஒன்றே. உலக ரோபோ ஒலிம்பியாடின் ‘ரோபோ மிஷன்’ பிரிவை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம்.

ஒரு குழுவில் இரண்டு அல்லது மூன்று மாணவர்களும் ஒரு பயிற்றுநரும் இருப்பர். மாணவர்கள் 8–12, 11–15, 14–19 என மூன்று வயதுப் பிரிவுகளாகப் பிரிக்கப்படுகின்றனர். 2362 மில்லிமீட்டர் நீளமும் 1143 மில்லிமீட்டர் அகலமும் உள்ள விரிப்பின் மேல் வண்ணக் கட்டைகளும் சிறு பொருள்களும் வைக்கப்பட்டிருக்கும். ரோபோ அவற்றை இனங்கண்டு, எடுத்து, உரிய இடத்தில் சேர்க்க வேண்டும். ஓர் ஓட்டத்துக்குக் கிடைக்கும் நேரம் இரண்டே நிமிடங்கள். புறப்படும்போது ரோபோவின் நீளம், அகலம், உயரம் ஆகிய ஒவ்வொன்றும் 250 மில்லிமீட்டருக்குள் அடங்க வேண்டும்.

போட்டி நாளில் முதலில் பயிற்சி நேரம் தரப்படும். குழுக்கள் தத்தம் மேசையில் வேலை செய்து, விரிப்பில் ஓட்டிப் பார்த்து, நிரலைத் திருத்திக்கொள்ளலாம். பயிற்சி நேரம் முடிந்ததும் எல்லா ரோபோக்களும் நடுவரின் பொறுப்பில் உள்ள மேசையில் ஒப்படைக்கப்படும். அதன் பிறகு அவற்றின் உறுப்பையோ நிரலையோ மாற்ற முடியாது. நடுவர்கள் ரோபோக்களைச் சோதித்த பின் ஒவ்வொரு குழுவாக அழைத்து ஓட்டச் செய்வர். இந்தச் சுற்று ஒன்றுக்கு மேற்பட்ட முறை நடக்கும்.

ஃபர்ஸ்ட் லெகோ லீக் சற்று வேறுபட்டது. அதில் ரோபோ ஓட்டம் இரண்டரை நிமிடம். அதனுடன், ரோபோவை வடிவமைத்த விதம், சமூகச் சிக்கல் ஒன்றுக்குக் குழு கண்ட தீர்வு, குழுவாக இயங்கிய பண்பு ஆகியவையும் மதிப்பிடப்படுகின்றன. ரோபோ நன்றாக ஓடினால் மட்டும் அங்கே பரிசு கிடைத்துவிடாது.

முதன்மை விதிகளும் அவற்றின் காரணங்களும்

விதிநூலை மனப்பாடம் செய்வதைவிட, ஒவ்வொரு விதியும் எதற்காக எழுதப்பட்டது என்று அறிவது மாணவர்களுக்குப் பயன்தரும். காரணம் தெரிந்த விதியை மீற மனம் எளிதில் வராது. விதிநூலில் சொல்லப்படாத சூழல் வந்தாலும் எப்படி நடந்துகொள்வது என்று விளங்கும்.

தன்னியக்கம்: ஓட்டம் தொடங்கிய பின் ரோபோ தானாகவே இயங்க வேண்டும். தொலைக்கட்டுப்பாடு கூடாது. புளூடூத், வைஃபை போன்ற கம்பியில்லா இணைப்புகள் அணைக்கப்பட்டிருக்க வேண்டும். இந்தப் போட்டி கையின் வேகத்தை அன்றி நிரலின் தரத்தை அளக்கிறது என்பதே காரணம்.

திடீர் விதி: போட்டி நாள் காலையில் புதிய பணி அல்லது மாற்றம் ஒன்று அறிவிக்கப்படும். மாதக்கணக்கில் வேறொருவர் எழுதிக் கொடுத்த நிரலைச் சுமந்து வந்த குழு இந்த இடத்தில் தடுமாறும். தன் நிரலின் ஒவ்வொரு வரியும் தெரிந்த குழு அரைமணி நேரத்தில் அதைத் திருத்திக்கொள்ளும். சொந்த உழைப்பைக் கண்டறிய யாரையும் சந்தேகிக்காமல் வைக்கப்படும் சோதனை இது.

மாறும் இடங்கள்: சில பொருள்களின் இடமோ நிறமோ, ரோபோக்கள் ஒப்படைக்கப்பட்ட பின்னரே குலுக்கல் முறையில் முடிவு செய்யப்படும். ரோபோ தன் உணரிகளைக் கொண்டு அதைத் தானே கண்டறிய வேண்டும். இங்கே ஒரு நுட்பமான ஏமாற்று வழி உண்டு. சிவப்புக் கட்டை இடப்பக்கம் இருப்பதைப் பார்த்த மாணவர், ரோபோவின் கையைச் சற்று உயர்த்தி வைத்தோ ரோபோவைத் திருப்பி வைத்தோ அந்தச் செய்தியை நிரலுக்குத் தெரிவித்துவிட முடியும். பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது. உறுப்புகளின் நிலையை மாற்றி நிரலுக்குத் தகவல் கொடுப்பதை விதிகள் வெளிப்படையாகவே தடை செய்கின்றன.

நிற அளவீடு: நிற உணரி ஒளியைப் பாய்ச்சி, திரும்பி வரும் ஒளியை அளந்து நிறத்தை முடிவு செய்கிறது. அரங்கின் விளக்கும் சன்னல் வெயிலும் மாறினால் அளவும் மாறும். ஆகவே பயிற்சி நேரத்தில் உணரியைச் சரிசெய்துகொள்ள இடமுண்டு. ஓட்டம் தொடங்குவதற்குச் சற்று முன் சரிசெய்ய இடமில்லை. திருப்பூர் மாணவர்களுக்கு இது புதிய செய்தியன்று. சாயப்பட்டறை ஆய்வகத்தில் துணியின் நிறத்தை வெறும் கண்ணால், கிடைத்த வெளிச்சத்தில் ஒப்பிட மாட்டார்கள். ‘லைட் பாக்ஸ்’ என்ற பெட்டிக்குள் வைத்து, பகல் ஒளி, கடை விளக்கின் ஒளி எனத் தனித்தனியே பார்ப்பர். ஓர் ஒளியில் ஒத்துப்போகும் இரு துணிகள் வேறோர் ஒளியில் வேறுபட்டுத் தெரியும். ரோபோவின் நிற உணரிக்கும் அதே சிக்கல்தான்.

தொடுதல்: ஓடும் ரோபோவைக் கையால் தொட்டுத் திருத்துவது பிழை. ரோபோ மிஷன் பிரிவில் தொட்டால் ஓட்டம் அத்துடன் முடியலாம். ஃபர்ஸ்ட் லெகோ லீக்கில் புறப்படும் பகுதிக்கு வெளியே ரோபோவைத் தொட்டுத் தூக்கினால், தொடக்கத்தில் கையிருப்பாகத் தரப்படும் வில்லைகளுள் ஒன்று பறிபோகும். அதனால் மதிப்பெண் குறையும்.

நன்னெறி

விதி, செய்யக் கூடாததைச் சொல்கிறது. நன்னெறி, யாரும் பார்க்காதபோதும் செய்ய வேண்டியதைச் சொல்கிறது. இப்போட்டிகளின் நெறி இரு கருத்துகளைச் சுற்றி அமைந்துள்ளது.

முதலாவது, உட்டி ஃபிளவர்ஸ் பரப்பிய ‘கண்ணியமான தொழில்நேர்த்தி’. முழு மூச்சுடன் போட்டியிட வேண்டும்; அதே வேளையில் எதிர்க்குழுவையும் மதிக்க வேண்டும். இவை இரண்டும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல என்பதே இதன் சாரம். இரண்டாவது, போட்டியையும் ஒத்துழைப்பையும் இணைக்கும் ‘கூட்டுறவுப் போட்டி’. எதிர்க்குழுவின் மின்கலம் செயலிழந்தால் தம்மிடம் உள்ள கூடுதல் மின்கலத்தைக் கொடுப்பது இதற்கு எளிய எடுத்துக்காட்டு. எதிரியின் மின்கலம் தீர்ந்ததால் கிடைத்த வெற்றி, தன் நிரல் நன்றாக இருந்ததற்கான சான்றாகாது.

ஃபர்ஸ்ட் அமைப்பு தன் அடிப்படை விழுமியங்களாகக் கண்டறிதல், புதுமை, நற்பயன், அனைவரையும் உள்ளடக்குதல், குழுப்பணி, மகிழ்ச்சி ஆகிய ஆறையும் குறிப்பிடுகிறது. இவற்றுள் உள்ளடக்குதல் என்பது நம் பள்ளிகளில் தனிக் கவனம் பெற வேண்டியது. மூவர் குழுவில் மாணவன் நிரல் எழுத, மாணவி விளக்கப் படம் ஒட்டும் வேலையை மட்டும் செய்வது உண்டு. ஆங்கிலம் நன்றாகப் பேசுபவரே நடுவரிடம் எல்லாவற்றையும் சொல்வதும் உண்டு. இவற்றை எந்த விதியும் தண்டிப்பதில்லை. ஆயினும் நடுவர் மூவரிடமும் தனித்தனியே கேள்வி கேட்கும்போது இந்தப் பாகுபாடு வெளிப்பட்டுவிடும்.

பயிற்றுநரின் எல்லை

இப்போட்டிகளில் அதிகம் மீறப்படுவதும், மிகக் கடினமாகக் கண்டறியப்படுவதும் பெரியவர்களின் தலையீடு ஆகும். உலக ரோபோ ஒலிம்பியாடில் ரோபோவைக் கட்டுவதும் நிரல் எழுதுவதும் மாணவர்களின் வேலை மட்டுமே. பயிற்சி நேரத்தில் பயிற்றுநர் குழுவின் பகுதிக்குள் வரக் கூடாது. வெளியிலிருந்து கைபேசி மூலம் அறிவுரை சொல்வதும் கூடாது. ரோபோகப் ஜூனியரும் இதே கொள்கை உடையது. அமெரிக்காவில் தோன்றிய ‘வெக்ஸ்’ போட்டி இதனை ‘மாணவர் மையக் கொள்கை’ என்ற பெயரில் எழுதி வைத்துள்ளது.

அப்படியானால் பயிற்றுநர் என்ன செய்யலாம்? போட்டி நாளுக்கு முன், நிரலாக்கத்தின் அடிப்படைகளைக் கற்பிக்கலாம். கேள்வி கேட்டுச் சிந்திக்க வைக்கலாம். வேறொரு கணக்கைக் கொண்டு முறையை விளக்கலாம். பாதுகாப்பையும் நேரத்தையும் பார்த்துக்கொள்ளலாம். விடையைச் சொல்லித்தரலாகாது, விசைப்பலகையைத் தன் கைக்கு எடுத்துக்கொள்ளலாகாது.

ஒரு சூழலை எண்ணிப் பார்க்கலாம். அவிநாசியில் ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மாணவி ஒருத்தியின் தந்தை நிட்டிங் கம்பெனியில் எலக்ட்ரீசியன் என்று கொள்வோம். போட்டிக்கு இரண்டு நாள் முன்பு ரோபோ கோட்டை விட்டு விலகி ஓடுகிறது. இரவு ஷிப்ட் முடிந்து வந்த தந்தை அதைப் பார்க்கிறார். ஒரு சக்கரத்தின் அச்சில் நூல் சுற்றியிருப்பது அவருடைய பழகிய கண்ணுக்கு உடனே தெரிகிறது. அவர் அதைத் தானே எடுத்துவிட்டால் ரோபோ நேராக ஓடும். “ரெண்டு சக்கரத்தையும் கையால சுத்திப் பாரு கண்ணு, ஒண்ணு இறுக்கமா இருக்குதா?” என்று கேட்டால், மகள் தானே கண்டுபிடிப்பாள். முதல் வழியில் ஒரு பழுது நீங்குகிறது. இரண்டாவது வழியில், அடுத்த முறை தந்தை இல்லாத அரங்கில் அதே பழுது வந்தாலும் அவளால் நீக்க முடிகிறது. பெற்றோரின் அறிவு குழந்தைக்குச் சேர வேண்டும் என்பதில் போட்டிகளுக்கு மறுப்பில்லை. அது கேள்வியாகச் சேர வேண்டும் என்பதே நெறி.

வகுப்பு நடத்தும் தனியார் பயிற்சி மையங்களுக்கும் இது பொருந்தும். ஒரே மையத்திலிருந்து வரும் ஐந்து குழுக்கள் ஒரே வடிவ ரோபோவையும் ஒரே நிரலையும் கொண்டுவந்தால், அவற்றுள் நான்கேனும் மாணவர்களின் சொந்தப் படைப்பு அல்ல என்ற ஐயம் எழும். பிற குழுவின் தீர்வோடும், இணையத்தில் விற்கப்படும் தீர்வோடும் மிகவும் ஒத்திருக்கும் ரோபோக்களை விசாரிக்க உலக ரோபோ ஒலிம்பியாடின் விதிகள் இடம் தருகின்றன.

நிரலில் கடன் வாங்குதல்

நிரல் எழுதுபவர் எவரும் முழுக்க முழுக்கத் தாமே எல்லாவற்றையும் எழுதுவதில்லை. கோட்டைப் பின்தொடரும் ரோபோவுக்கான கட்டுப்பாட்டு முறை பாடநூல்களில் உள்ளது. மோட்டாரை இயக்கும் நிரல் தொகுப்புகளைப் பிறர் எழுதி இலவசமாக வெளியிட்டுள்ளனர். 2005 இல் இத்தாலியில் உருவான ‘ஆர்டுயினோ’ மின்பலகை உலகெங்கும் பரவியதற்கு அதன் வரைபடமும் நிரலும் திறந்த முறையில் பகிரப்பட்டதே முதன்மைக் காரணம். ஆகவே கடன் வாங்குவது குற்றமன்று. கடனை மறைப்பதே குற்றம்.

சிறுவர்களுக்காக 2007 இல் வெளியான ‘ஸ்கிராட்ச்’ நிரல்மொழியின் தளம் இதை அழகாகக் கற்றுத்தருகிறது. அங்கே ஒருவரின் படைப்பை மற்றவர் எடுத்து மாற்றி அமைக்கலாம். அப்போது முதலில் செய்தவரின் பெயர் புதிய படைப்பின் பக்கத்தில் தானாகவே இடம்பெறும்.

நேர்மையாகக் கடன் வாங்குவதற்கு மூன்று படிகள் உண்டு.

1. அந்த நிரலை எடுத்தாள உரிமம் இருக்கிறதா என்று பார்த்தல். எம்.ஐ.டி. உரிமம், ஜி.பி.எல். உரிமம் போன்றவை எடுத்தாள அனுமதிக்கின்றன. ஆனால் அவற்றின் நிபந்தனைகள் வேறுவேறானவை.
2. யாருடைய நிரல், எங்கிருந்து எடுக்கப்பட்டது, எந்தப் பகுதி மாற்றப்பட்டது என்பதை நிரலின் குறிப்புரையிலும் குழுவின் குறிப்பேட்டிலும் எழுதுதல்.
3. எடுத்த பகுதி எப்படி வேலை செய்கிறது என்று குழுவினர் ஒவ்வொருவரும் தம் சொந்தச் சொல்லில் விளக்கக் கற்றுக்கொள்ளுதல்.

மூன்றாவது படியே உரைகல். செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைக் கொண்டு நிரல் எழுதுவதற்கும் இதுவே அளவுகோலாகும். இக்கருவிகளை எந்த அளவுக்குப் பயன்படுத்தலாம் என்பது போட்டிக்குப் போட்டி வேறுபடுவதால் அந்தந்த ஆண்டின் விதிநூலைப் பார்க்க வேண்டும். விதிநூல் அனுமதித்தாலும், பயன்படுத்தியதைச் சொல்லிவிடுவதும் விளங்காத ஒரு வரியைக்கூட நிரலில் விட்டுவைக்காமல் இருப்பதும் நெறியாகும்.

உலக ரோபோ ஒலிம்பியாடின் ‘எதிர்காலப் பொறியாளர்’ பிரிவு இந்தச் சிக்கலுக்கு ஒரு நல்ல தீர்வைக் கண்டுள்ளது. தானோட்டிச் சிறுவண்டியை உருவாக்கும் இப்பிரிவில், குழுக்கள் தம் நிரலையும் வடிவமைப்புக் குறிப்புகளையும் ‘கிட்ஹப்’ தளத்தில் எல்லோரும் பார்க்கும்படி வெளியிட வேண்டும். ஒரே நாளில் மொத்தமாக ஏற்றிவிடாமல், வேலை நடக்க நடக்கப் பல முறை ஏற்ற வேண்டும். நிரல் படிப்படியாக வளர்ந்த தடம் அங்கே பதிவாகிறது. தவறுகளும் திருத்தங்களும் நிறைந்த அந்தத் தடமே சொந்த உழைப்புக்குச் சான்று. மேலும், அடுத்த ஆண்டு வரும் குழுக்களுக்கு அது பாடமாகவும் அமைகிறது.

நடுவர், முறையீடு, தண்டனை

நடுவரின் முடிவே இறுதியானது என்பது எல்லாப் போட்டிகளுக்கும் பொதுவானது. அதனால் கேள்வி கேட்கவே கூடாது என்று பொருளில்லை. ஓட்டம் முடிந்ததும் நடுவர் மதிப்பெண் தாளைக் குழுவிடம் காட்டுவார். குறை இருந்தால் அப்போதே, விதியைச் சுட்டிக்காட்டி, பணிவாகச் சொல்ல வேண்டும். ஏற்றுக்கொண்டு கையொப்பம் இட்ட பின் மறுப்பது முறையன்று. பேச வேண்டியவர்களும் மாணவர்களே. பெற்றோரோ பயிற்றுநரோ நடுவர் மேசையைச் சூழ்ந்துகொள்வது நன்னடத்தை ஆகாது.

நடுவர்க்கும் நெறி உண்டு. பணி நிறைவேறியதா இல்லையா என்று தெளிவாகத் தெரியாத நிலையில், ஐயத்தின் பயனைக் குழுவுக்கே தருவது ஃபர்ஸ்ட் லெகோ லீக்கின் மரபு. தம் பள்ளிக் குழுவோ உறவினரோ பங்கேற்கும் பிரிவில் நடுவராக இருக்காமல் விலகிக்கொள்வது எங்கும் பொருந்தும் முறை.

உலக ரோபோ ஒலிம்பியாடில் விதிமீறலுக்கான விளைவுகள் மீறலின் தன்மைக்கு ஏற்பப் படிப்படியாக அமைந்துள்ளன:

• 15 நிமிடம் வரை ரோபோவையோ நிரலையோ தொடத் தடை
• ஓர் ஓட்டத்தில் அல்லது பல ஓட்டங்களில் பங்கேற்கத் தடை
• மதிப்பெண்ணில் 50 விழுக்காடு வரை குறைப்பு
• அடுத்த சுற்றுக்குத் தகுதி இழத்தல்
• போட்டியிலிருந்து முற்றிலுமாக நீக்கம்

அறியாமல் செய்த சிறு பிழைக்கும் திட்டமிட்ட ஏமாற்றுக்கும் ஒரே தண்டனை கூடாது என்பது இந்த அமைப்பின் நோக்கம். தவறு நடந்ததைக் குழு தானே முன்வந்து சொல்வது எப்போதும் நல்லது. “காலையில் தெரியாமல் வைஃபையை அணைக்காமல் விட்டுவிட்டோம்” என்று சொல்லும் குழு ஓர் ஓட்டத்தை இழக்கலாம். அக்குழு சொல்லும் மற்றவற்றை நடுவர் நம்புவார்.

திருப்பூர் வட்டாரத்தில்

திருப்பூர் மாவட்டம் கோயம்புத்தூர், ஈரோடு மாவட்டங்களின் பகுதிகளைப் பிரித்து 2009 இல் உருவாக்கப்பட்டது. பனியன் தொழிலின் ஊரான இங்கே, ரோபோ போட்டிகளின் அடிப்படைக் கருத்துகள் பலவும் வேறு பெயரில் அன்றாட வாழ்வில் உள்ளன. வட்டப் பின்னல் இயந்திரத்தில் நூல் அறுந்தால் உணரி அதை அறிந்து இயந்திரத்தை நிறுத்திவிடும். துணியை விரிப்பதும் வெட்டுவதும் பெரிய ஆலைகளில் கணினி நிரலால் நடக்கின்றன. எம்பிராய்டரி இயந்திரம் ஒரு நிரலைப் படித்தே பூவேலை செய்கிறது. ரோபோவைப் படத்தில் மட்டும் பார்த்த பிள்ளைகள் அல்லர் இவ்வூர்ப் பிள்ளைகள்.

நன்னெறிக்கும் இங்கே பழகிய எடுத்துக்காட்டு உண்டு. வெளிநாட்டு வாங்குநர்கள் ஆர்டர் கொடுக்கும்போது, எந்தத் தொழிற்கூடத்தில் தைக்கப்படுகிறது என்பதைத் தெரிவிக்க வேண்டும் என்று நிபந்தனை விதிப்பர். அவர்களிடம் சொல்லாமல் வேறு யூனிட்டுக்கு ஜாப் ஒர்க் கொடுத்துத் தைத்து வாங்கி, தன் கம்பெனி லேபிளோடு அனுப்புவது ஒப்பந்த மீறல். துணியில் பழுது இல்லாவிட்டாலும் அது மீறலே. அந்த வேறு யூனிட்டில் யார், எந்த நிலையில் வேலை செய்தார்கள் என்பது வாங்குநருக்குத் தெரியாமல் போகிறது. பயிற்சி மையம் எழுதிய நிரலைத் தன் பெயரில் ஓட்டும் மாணவர் குழுவும் இதையே செய்கிறது. ரோபோ நன்றாக ஓடலாம். லேபிள் பொய் சொல்கிறது.

விதியை மீறி மிச்சப்படுத்தும் செலவை வேறு யாரோ சுமக்கிறார்கள் என்பதையும் இவ்வூர் அறியும். நொய்யல் ஆற்றில் சாயக்கழிவு கலந்தது. கீழ்ப்பகுதியில் உள்ள ஒரத்துப்பாளையம் அணையில் அது தேங்கி, உழவர்கள் பாதிக்கப்பட்டனர். கழிவுநீரை வெளியேற்றாமல் முழுமையாகச் சுத்திகரிக்க வேண்டும் என்ற ஆணை நிறைவேறாத நிலையில், 2011 சனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. அப்போது விதியைக் கடைப்பிடிக்க முயன்றவர்களும் சேர்ந்தே பாதிக்கப்பட்டார்கள். போட்டி அரங்கிலும் ஒரு குழுவின் ஏமாற்று, நேர்மையாக உழைத்த மற்றக் குழுக்களின் இடத்தைப் பறிப்பதோடு, அந்தப் பள்ளியிலிருந்து இனி வரும் குழுக்களின் மீதும் ஐயத்தை விட்டுச்செல்கிறது.

வாய்ப்புகளைப் பொறுத்தவரை, ஒன்றிய அரசின் நிதி ஆயோக் கீழ் இயங்கும் அடல் புத்தாக்கத் திட்டம் 2016 இல் தொடங்கப்பட்டு, தேர்ந்தெடுக்கப்பட்ட பள்ளிகளில் 6 முதல் 12 ஆம் வகுப்பு வரையிலான மாணவர்களுக்காக ‘அடல் டிங்கரிங் ஆய்வகம்’ அமைக்க 20 இலட்சம் ரூபாய் வரை வழங்குகிறது. தமிழ்நாடு அரசு, அரசுப் பள்ளி மாணவர்களுக்குச் செயற்கை நுண்ணறிவு, ரோபோவியல், இணையக் கருவிகள் ஆகியவற்றைக் கற்பிக்க ‘டி.என். ஸ்பார்க்’ திட்டத்தை 2025 இல் அறிவித்தது.

குறைகூறல்கள்

மாணவர் ரோபோ போட்டிகள் மீது வைக்கப்படும் முதன்மையான குறை, அவை வசதி படைத்தோருக்குச் சாதகமானவை என்பது. ரோபோ பெட்டி ஒன்றின் விலை, பதிவுக் கட்டணம், வெளியூர்ப் பயணம், பயிற்சி மையக் கட்டணம் எல்லாம் சேர்ந்தால், தையல் மேசையில் பீஸ் ரேட்டுக்கு உழைக்கும் பெற்றோரால் தாங்க முடிவதில்லை. பல மாநிலங்களிலிருந்து வேலைக்கு வந்து குடியேறியவர்களின் பிள்ளைகளுக்கு இடையில் பள்ளி மாறும் சிக்கலும் உண்டு.

இரண்டாவது குறை மொழி. விதிநூல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே உள்ளன. போட்டி நாள் காலையில் ஆங்கிலத்தில் வாசிக்கப்படும் திடீர் விதியைப் புரிந்துகொள்ளத் தமிழ்வழி மாணவர் கூடுதல் நேரம் எடுத்துக்கொள்கிறார். அறியாமல் விதியை மீறும் வாய்ப்பும் அவருக்கே அதிகம். விதிநூலின் சுருக்கத்தை ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து தமிழில் எழுதிக்கொள்வது இதற்கு ஓரளவு தீர்வாகும்.

பணமும் மொழியும் உண்டாக்கும் ஏற்றத்தாழ்வை நடத்தை விதிகளால் முழுமையாக நீக்க முடியாது. ஆனால் அவ்விதிகள் தளர்ந்தால் ஏற்றத்தாழ்வு பன்மடங்காகும். பெரியவர்கள் எழுதிய நிரல் அரங்கில் அனுமதிக்கப்பட்டால், பணம் கொடுத்து நல்ல பொறியாளரை அமர்த்தும் குழுவே எப்போதும் வெல்லும். பள்ளி ஆய்வகத்தில் மாலை ஒரு மணி நேரம் மட்டும் கிடைக்கும் மாணவருக்கு, ‘தாங்களே’ என்ற அந்தச் சொல்லே பாதுகாப்பு.

மாணவர் குழுவுக்கான நினைவுப் பட்டியல்

• அந்த ஆண்டின் விதிநூலைக் குழுவினர் அனைவரும் படித்து, ஐயங்களைப் போட்டிக்கு முன்பே அமைப்பாளரிடம் எழுத்தில் கேட்டுத் தெளிதல்
• நாள்தோறும் செய்த வேலை, தோல்வி, திருத்தம் ஆகியவற்றைத் தேதியிட்டுக் குறிப்பேட்டில் எழுதுதல்
• எடுத்தாண்ட நிரல், பெற்ற உதவி ஆகியவற்றைப் பெயருடன் குறிப்பிடுதல்
• கட்டுதல், நிரல் எழுதுதல், விளக்குதல் ஆகிய மூன்றையும் எல்லோரும் சுழற்சியில் செய்தல்
• ரோபோவை ஒப்படைக்கும் முன் அளவு, கம்பியில்லா இணைப்பு, நிரலின் பெயர் ஆகியவற்றைச் சரிபார்த்தல்
• தோற்றாலும் வென்றாலும் எதிர்க்குழுவிடம் சென்று, அவர்களின் ரோபோ எப்படி வேலை செய்கிறது என்று கேட்டு அறிதல்